1938 மனுவில் வி.வி.கிரி: எந்த அரசின் அமைச்சர்?

உங்கள் தாத்தாவின் 1938 மனுவில் வி.வி.கிரி ‘தொழிலாளர் அமைச்சர்’ என்றிருக்கிறதே, அது எந்த அரசு, பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அந்த மனு தில்லிக்கு அல்ல, சென்னை மாகாண அரசுக்கு எழுதப்பட்டதாகவே இருக்கும். மதுரை ஆலைத் தொழிலாளியான உங்கள் தாத்தா 1938இல் ‘தொழிலாளர் அமைச்சர் வி.வி.கிரி’ என்று எழுதியதில் பிழையே இல்லை. 1937இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் அந்தத் துறை கிரியிடம்தான் இருந்தது.

அவர் மத்திய தொழிலாளர் அமைச்சரானது 1952இல். குழப்பம் இதனால்தான் வந்திருக்கும். வங்கி ஊழியர் ஊதியம் குறித்த தீர்ப்பாயத்தின் தீர்ப்பை மத்திய அரசு திருத்தியதும், 1954இல் அந்தப் பதவியையே உதறினார்; எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்!

மேல்முகவரியைப் பாருங்கள். மாகாண அரசின் தலைமைச் செயலகமான ‘செயின்ட் ஜார்ஜ் கோட்டை’ என்றிருந்தால், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். தில்லிக்கு அலைய வேண்டாம்.

மை மங்கிய தாளில் 1946ஐ 1938 என்று படித்துவிடவும் கூடும். அப்போதும் மாகாணத்தில் தொழிலாளர் அமைச்சர் கிரியே; மத்திய இடைக்கால அரசில் ஜகஜீவன் ராம்.