கொத்தடிமை முறை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

செல்வி: ஊருக்கு வெளியே உள்ள செங்கல் சூளையில் யாரையும் பூட்டி வைக்கவில்லை. சந்தைக்குக்கூட வருகிறார்கள். பிறகு எப்படிக் கொத்தடிமை?

பூட்டைத் தேடாதீர்கள். முன்பணம் தீரும்வரை வேறு வேலைக்குப் போக முடியுமா, நினைத்தபோது ஊருக்குப் போக முடியுமா என்று பாருங்கள். கணவன் சந்தைக்கு வரும்போது மனைவியும் பிள்ளைகளும் சூளையிலேயே நிறுத்தப்படுகிறார்களா? முன்பணத்துக்கு ஈடாக இந்தச் சுதந்திரங்களில் ஒன்று பறிபோனாலே 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அது கொத்தடிமைதான். ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதிக் கொடுங்கள். முதலாளியிடம் மட்டும் போய் விசாரிக்காதீர்கள். விடிவதற்குள் அந்தக் குடும்பங்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு உதவி ஆய்வாளர்: இப்படி வரும் புகார்களில் முன்பணத்தைத் தவணையில் கட்டுவதாக எழுதி வாங்கி அனுப்பிவிடுகிறோம். சரிதானே?

இல்லை சார். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 6 அந்தக் கடனையே ஒழித்துவிட்டது. ஒழிந்த கடனை வசூலிப்பது பிரிவு 9படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். உடந்தையாக இருப்பவருக்கும் பிரிவு 20 அதே தண்டனையைச் சொல்கிறது. நீங்கள் எழுதி வாங்கும் தாள் யாருக்கு உதவுகிறது என்று யோசியுங்கள். இது பேசித் தீர்க்கும் கூலித் தகராறு இல்லை, வழக்குப் பதிய வேண்டிய குற்றம். தொழிலாளியை முதலாளி முன்னால் நிறுத்தி விசாரிக்காதீர்கள், அந்த இடத்தில் அவர் உண்மை பேச மாட்டார். கோட்டாட்சியருக்குத் தகவல் சொல்லுங்கள். கொத்தடிமையிலிருந்து விடுவித்ததற்கு அவர் தரும் விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் தொழிலாளியை அனுப்பினால் மறுவாழ்வு உதவி கிடைக்காது. பிழைக்க வழியில்லாமல் வேலைக்கு ஆள் பிடிக்கும் அடுத்த மேஸ்திரியிடம் மறுபடி முன்பணம் வாங்குவார்.

வரதன்: மனமுவந்து அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஓடுவது ஏமாற்று இல்லையா?

வேறு வழியில்லாமல் வாங்குவதை மனமுவந்து என்று சொல்லாதீர்கள். பசியின் நெருக்கடியும் கட்டாயம்தான் என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மணி: முதலாளிக்கும் நஷ்டம்தானே?

வரதனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வரதன்: அப்படியானால் இனி யாருமே முன்பணம் தர மாட்டார்களே!

முன்பணம் தரலாம். ஆளைப் பிடித்து வைப்பதுதான் குற்றம். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 15படி முதலாளியுடையது. மூன்றாவது முறை இதையே கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

கவிதா: அலுவலகத்தில் சம்பள பாக்கி வைத்திருக்கிறார்கள்.

தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள்.

ஜோசப்: மில்லில் சிறு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். உள்ளே போய் வீடியோ எடுக்கட்டுமா?

வேண்டாம்! முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். முதலாளிக்குத் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் அங்கே இருக்க மாட்டார்கள்.