வாசகர் கேள்வி – பதில்: வெயில் காலத்தில் மீன் தொட்டி

கேள்வி: எங்கள் வீட்டில் 100 லிட்டர் தொட்டியில் கப்பி மீன்களையும் தங்கமீன்களையும் ஒன்றாக வளர்க்கிறோம். வெயில் ஏறியதிலிருந்து தண்ணீரின் வெப்பம் 33 டிகிரி வரை போகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஐஸ் கட்டி போட்டால் சற்று நேரம் தெளிந்துவிட்டுப் பழையபடி ஆகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஐஸ் கட்டி போடுவதை நிறுத்திவிடுங்கள். மீனின் உடல் வெப்பம் தண்ணீரோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், சில நிமிடங்களில் 27 டிகிரிக்கு இறக்கி மாலைக்குள் மறுபடி 33-க்கு ஏறவிடுவதைவிட, நாள் முழுவதும் 30-ஐ ஒட்டி நிலையாக இருப்பதே அதற்குத் தாங்கும். திடீர் மாற்றத்தில் சோர்ந்த மீனை வெண்புள்ளி நோய் எளிதில் பற்றிக்கொள்ளும்.

அவை மேலே வருவது பெரும்பாலும் மூச்சுத்திணறலால்தான். ஒரு லிட்டர் நன்னீரில் 20 டிகிரியில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியிலோ அது ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடுகிறது, அதே வேளையில் சூட்டினால் மீனின் ஆக்சிஜன் தேவை கூடிவிடுகிறது. தொட்டியில் செடிகள் இருந்தால் அவையும் இரவெல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியும் நேரத்தில்தான் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பலர் இரவில்தான் ஏர் பம்பை நிறுத்துகிறார்கள். நிறுத்தக் கூடாத நேரம் அதுவே. ஃபில்டரிலிருந்து வரும் நீர் மேற்பரப்பைக் கலக்கியபடி விழுமாறும் வையுங்கள்.

சூட்டைக் குறைக்க, கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி வெளியே விழாதபடி வலையைக் கட்டி, ஒரு சிறிய மின்விசிறியின் காற்று நீரின் மேற்பரப்பைத் தடவிச் செல்லுமாறு வையுங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 100 லிட்டர் நீரை 5 டிகிரிக்கு மேல் குளிரவைக்கப் போதுமானது. அறையின் சூடு திரும்பத் திரும்பத் தொட்டிக்குள் இறங்குவதால் நடைமுறையில் இரண்டு, மூன்று டிகிரிதான் குறையும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் அதுவும் கிடைக்காது. குறைந்த நீரைக் குளோரின் நீக்கிய நீரால் நிரப்புங்கள். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், நிரப்புவதை நீர் மாற்றுவதாகக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

நண்பகலில் விளக்கை அணைத்து வையுங்கள். தீனியையும் குறையுங்கள்: சூட்டில் மிச்சத் தீனி விரைவில் அழுகி அம்மோனியா கூடும், அதன் நச்சுத்தன்மையும் வெப்பத்தோடு ஏறும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கமீன் 20 டிகிரியை ஒட்டிய நீரை விரும்பும்; கப்பிக்கு 25-ஐ ஒட்டியது இதம். தங்கமீன்களை வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வேறு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். கப்பிக் குஞ்சுகளும் அவற்றின் வாயிலிருந்து தப்பும்.

கேள்வி: மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோனால்?

பதில்: பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. அது இல்லையென்றால், ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்தாறு குவளை ஊற்றினால் மீன்கள் சமாளித்துக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் ஃபில்டரை உடனே ஓடவிடாதீர்கள். நீரோட்டம் இல்லாமல் அதற்குள் தேங்கிய நீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் அல்லாமல், தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரில் அலசிப் பொருத்திய பிறகே ஓடவிடுங்கள்.