ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்கு நடனமோ?

போன கிழமை திருகோணமலை உவர்மலையில இருந்து ஒரு அம்மா வந்தவ. மகள் ஓ/எல்லில (சாதாரண தரச் சோதினை) ஒன்பது ஏ. கனடாவில இருக்கிற பெரியப்பா ஏ/எல்லுக்கு (பல்கலைக்கழகம் போறதுக்கான உயர்தரச் சோதினை) பயோதான், உயிரியல் பிரிவுதான், எடுக்கவேணும், டியூஷன் காசு நான் அனுப்புறன் எண்டு நிக்கிறாராம், பிள்ளை நடனம்தான் எண்டு அழுகுதாம். கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னன், பிறகு நேராக் கதைச்சன்.

அக்கா, விருப்பமில்லாம பயோவுக்குப் போய் மூண்டு தரம் ஏ/எல் எழுதி வெறுங்கையோட நிண்ட பிள்ளையளை நான் கண்டிருக்கிறன். காசு அனுப்பின ஆக்கள் அந்த நேரம் பக்கத்தில இல்ல.

கல்லடியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லயா? மட்டக்களப்பில கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். எங்கட திருகோணமலை இந்துக் கல்லூரியில அதிபரா இருந்த அதே விபுலானந்த அடிகளின்ர பேர்தான். நடனத்துக்கும் நாடகமும் அரங்கியலுக்கும் அங்க நாலு வருஷப் பட்டம் இருக்கு, படிப்புக் கட்டணம் இல்ல. வடமோடி, தென்மோடிக் கூத்து ஆடுற மண் அது, பரதம் மட்டும் பழகின பிள்ளை கூத்துக்களரியில மத்தளச் சத்தத்தைக் கேட்டா கால் வேற மாதிரி விழும், அதை எந்த டியூஷனும் குடுக்காது.

ஒண்டைக் கவனியுங்கோ. ஏ/எல் பெறுபேற்றில கணக்கிடுற இசட் ஸ்கோர் மட்டும் காணாது, செயன்முறைப் பரீட்சையும் பாஸ் பண்ணவேணும், அதுக்குத் தனியா விண்ணப்பிக்கவேணும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போட்டாச்சுத்தானே எண்டு இருந்து கோட்டை விட்ட பிள்ளையள் கனபேர். இப்பவே அடவு சுத்தமா வரட்டும், கையில தாளம் போட்டு ஜதி சொல்லப் பழகட்டும்.

அரங்கேற்றத்துக்குக் கடன் வாங்காதீங்கோ. மண்டபம், பட்டு, வீடியோ, சாப்பாடு எண்டு லட்சக்கணக்கில போகும், பட்டத்துக்கு அது ஒண்டும் தேவையில்ல. சென்னை கலாக்ஷேத்ரா, 1936இல ருக்மிணி தேவி தொடங்கினது, பெரிய இடம்தான், ஆனா நகையை வித்து அனுப்பவேண்டாம், முதல்ல பட்டம் முடியட்டும், பிறகு இந்திய அரசின்ர ஐசிசிஆர் புலமைப்பரிசிலுக்குப் போடலாம்.

வேலையோ? ஆறாம் வகுப்பில இருந்து அழகியல் பாடம் இருக்கு, ஆசிரியர் தேவை இருக்கு, ஆனா நியமனத்துக்குக் காத்திருக்கவேண்டி வரும், அதை மறைக்கமாட்டன். அந்த நாளில வீட்டில வகுப்பு எடுக்கலாம்.

பெரியப்பாவோட நான் கதைக்கிறன். நீங்க நாளைக்கே பள்ளிக்கூடத்தில ஏ/எல்லுக்குப் பரதம் படிப்பிக்கினமோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டி பள்ளிக்கூடம் மாத்துற கடிதம் இந்தக் கிழமையே குடுக்கவேணும்.