எதைக் கேட்டாலும் ‘தேவை’ என்கிறான்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. தேவை எது, ஆசை எது என்று சிறு வயதிலேயே புரிய வேண்டும் என எண்ணி, கடைக்குச் செல்லும்போதெல்லாம் ‘இது தேவையா, ஆசையா?’ என்று கேட்டுப் பழக்கினேன். இப்போது எந்தப் பொம்மையைக் கண்டாலும், ‘அம்மா, இது எனக்குத் தேவை’ என்கிறான். மறுத்தால் அழுகிறான். நான் எங்கே தவறினேன்?
– ஒரு வாசகி

பதில்: ‘தேவை’ என்றால் பொருள் கிடைக்கும், ‘ஆசை’ என்றால் கிடைக்காது என்பதை உங்கள் மகன் கூர்மையாகக் கவனித்திருக்கிறான். எனவே, பலன் தரும் சொல்லையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறான். ஆசைப்படுவது குற்றம்போல ஆகிவிட்ட வீட்டில் எந்தக் குழந்தையும் தன் ஆசையை ஆசை என்று ஒப்புக்கொள்ளாது.

ஆகவே, முதலில் ஆசைக்கு மதிப்பான ஓர் இடத்தைக் கொடுங்கள். வாரம் ஒருமுறை சிறு தொகை ஒன்றை அவன் கையில் கொடுத்து, அது முழுவதும் அவனுடைய ஆசைகளுக்கான பணம் என்றும், தேவையானவற்றை வாங்கித் தருவது பெற்றோரின் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டால், ஆசைக்குப் பெயர் மாற்ற வேண்டிய அவசியம் அவனுக்கு இராது. அதைக் கைபேசி வழியாக நீங்களே செலுத்தாமல் நாணயங்களாகக் கொடுங்கள். பணம் குறைவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஏழு வயது வரை குழந்தைகள் அளவைத் தோற்றத்தைக் கொண்டே கணிக்கிறார்கள் என்பதை சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கியிருக்கிறார். பெரிய மதிப்புள்ள ஒற்றை நாணயத்தைவிடச் சிறிய நாணயங்கள் ஐந்து அவனுக்கு அதிகமாகத் தோன்றலாம் என்பதால், எல்லாம் ஒரே மதிப்புள்ள நாணயங்களாக இருப்பது நல்லது. வாங்கிய பொம்மை மறுநாளே உடைந்தால் கடிந்துகொள்ளவும் வேண்டாம், புதிதாக வாங்கித் தரவும் வேண்டாம்.

அடுத்து, உங்கள் கேள்வியையே சற்று மாற்றிப் பாருங்கள். ஒரே பொருளில் தேவையும் ஆசையும் கலந்திருக்கும்போது, ‘தேவையா, ஆசையா?’ என்பதற்குக் குழந்தை என்ன விடை சொல்லும்? காலைக் கடிக்கும் பழைய காலணிக்குப் பதிலாகப் புதியது வாங்குவது தேவை. அதில் விளக்கு மின்ன வேண்டும் என்பது ஆசை. ‘இது இல்லாவிட்டால் நாளை என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். ‘ஒன்றும் ஆகாது, ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று அவன் சொல்லும் நாளில், அந்த நேர்மையை மனமாரப் பாராட்டுங்கள். பொருளை வாங்குகிறீர்களா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

அழுகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் பெரியவர்களின் சொல்லுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. படம் வரைய நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகச் சொல்லி, பாதிப் பேருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றவர்களிடம் வெறுங்கையுடன் திரும்பி வந்தார்கள். பிறகு எல்லோர் முன்னும் ஓர் இனிப்பை வைத்து, உண்ணாமல் காத்திருந்தால் இன்னொன்று உண்டு என்றார்கள். சொன்ன சொல் காக்கப்பட்டதைக் கண்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருக்க, ஏமாந்தவர்கள் காத்திருந்ததோ வெறும் 3 நிமிடங்கள்.

‘பிறகு வாங்கலாம்’ என்று நாம் சொல்லும்போது குழந்தை அழுவதற்கு, அந்தப் ‘பிறகு’ ஒருபோதும் வந்ததில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். பிடி கொடுக்காத ‘பார்க்கலாம்’ என்ற பதிலை வீட்டிலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்குவதாக இருந்தால் நாளைக் குறித்துச் சொல்லி, அன்றே வாங்கிக் கொடுங்கள். வாங்கப்போவதில்லை என்றால் கடைக்குக் கிளம்பும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்; முதல் சில முறை அழுவான், அருகிலேயே இருங்கள், முடிவை மட்டும் மாற்றாதீர்கள். பணம் இருக்கும்போது ‘பணம் இல்லை’ என்று சொல்லவே சொல்லாதீர்கள்; அடுத்த நிமிடமே நீங்கள் வேறொன்றுக்குப் பணம் கொடுப்பதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

அடுத்த முறை கடையில் உங்கள் மனம் கவர்ந்த பொருள் ஒன்றைக் கையில் எடுத்து, ‘இது அம்மாவின் ஆசை, இந்த மாதம் இதற்குப் பணம் ஒதுக்கவில்லை’ என்று அவன் காதில் விழும்படி சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.