மெயிலில் வரும் லிங்க் வழியாக வங்கிக்குப் போகாதீர்கள்

கேள்வி: மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ‘கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இன்றே புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்’ என்று வங்கி பெயரில் மெயில் வந்தது. அதிலிருந்த லிங்க்கில் போய் பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கொடுத்தேன். அன்று மாலை 48,000 ரூபாய் போனது. மறுநாள் 1,04,000. வெட்கப்பட்டுக்கொண்டு மூன்றாம் நாள்தான் வங்கியில் சொன்னேன். போலி மெயிலை எப்படிக் கண்டுபிடிப்பது? மைத்துனர் தன்னிடம் சைபர் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: ஓடிபியைச் சொல்லக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வினை வந்தது லிங்க்கைத் தட்டும் பழக்கத்தால். மெயில் அசலாகவே இருந்தாலும் அதன் வழியாக வங்கிக்குள் போகாதீர்கள். வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். கேஒய்சி நிஜமாகவே பாக்கி என்றால் கிளைக்குப் போய்க் கொடுத்துவிடலாம்.

அடையாளம் கேட்டதால் சொல்கிறேன். போனில் அனுப்புநர் பெயர்தான் தெரியும். அதில் எந்த வங்கியின் பெயரையும் யாரும் போட்டுக்கொள்ளலாம். பெயரைத் தட்டி முழு முகவரியைப் பாருங்கள். வங்கிகளின் இணையதளங்கள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்திருந்தது. முடிவில் என்பதுதான் முக்கியம். அதே சொற்களை நடுவில் செருகி, வேறு பெயரில் முடியும் முகவரி போலி. பூட்டுப் படத்தை நம்பாதீர்கள், போலித் தளத்திலும் அது இருக்கும்.

இப்போது கணக்கு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே ஓடிபி கொடுத்து ஏமாந்தால், வங்கியில் புகார் செய்யும்வரை போன பணம் அவர் தலையில். புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அன்று மாலையே வங்கியின் அவசர எண்ணுக்குச் சொல்லியிருந்தால் உங்கள் நஷ்டம் 48,000 ரூபாயோடு நின்றிருக்கும். வெட்கத்துக்கு நீங்கள் கொடுத்த விலை ஒரு லட்சத்து நாலாயிரம்!

மைத்துனர் விற்கும் பாலிசி நடந்து முடிந்த இந்த இழப்பைத் தராது. இனிமேலுக்கு என்றாலும், வாடிக்கையாளரின் கவனக்குறைவுக்கு விலக்கு உண்டா என்று விதிமுறைகளில் தேடுங்கள். உறவுக்காகக் கையெழுத்துப் போட வேண்டாம்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றே அழையுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். வங்கி முன்கூட்டியே அனுமதித்து வைத்திருக்கும் கடன் எதுவும் உங்கள் பெயரில் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகும்போது அந்தத் தாள் வேண்டும்.