குழந்தையின் கண்ணில் தெரியும் மாற்றம் ரத்தப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் அபூர்வம். கண் சிவந்தால் பெரும்பாலும் தொற்று, இல்லாவிட்டால் ஒவ்வாமை. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஒரு நாள் காலையில் இடது கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிவப்பு மை கொட்டின மாதிரி ஒரு திட்டு. வலி இல்லை, பீளை இல்லை, எங்கேயும் அடிபடவும் இல்லை. சொட்டு மருந்து தந்தார்கள், பத்து நாளில் மங்கியது. அப்புறம் வலது கண்ணிலும் அதே திட்டு. கூடவே படப் புத்தகத்தை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று கண் மருத்துவரிடம் கூட்டிப்போனோம்.

அவர் கண்மணி விரியச் சொட்டு விட்டு, உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். விழித்திரையில் அங்கங்கே ரத்தக் கசிவு, சில புள்ளிகளின் நடுவே வெள்ளை. ராத் புள்ளிகள் என்று பெயராம். அடுத்து, கண்ணை விட்டுவிட்டு அவளுடைய பேண்ட்டை முட்டிவரை சுருட்டச் சொன்னார். கணுக்காலைச் சுற்றிக் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போன நீலத் திட்டுகள். அதையெல்லாம் ஓடி விழுந்தது என்று நாங்கள் கணக்கு எழுதியிருந்தோம்.

அன்றைக்கே சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை, எடுத்தோம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 18,000. குறைந்தது 1.5 லட்சம் இருக்க வேண்டும். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் ஏ.எல்.எல். (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா) என்று உறுதியானது. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், இதுதான்.

மஜ்ஜையைப் புற்றணுக்கள் அடைத்துக்கொண்டால் பிளேட்லெட் உற்பத்தி குறைகிறது. லேசில் ரத்தம் கசிகிறது. சில குழந்தைகளுக்குத் திடீரென்று மாறுகண் விழலாம், இமை தொங்கலாம், ஒரு கண் முன்னே பிதுங்கலாம், கருவிழிக்குப் பின்னால் சீழ் போல வெள்ளையாகப் படியலாம். காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுக்காதீர்கள். அது லுகேமியா அணுக்களைக் கொஞ்ச நாள் அடக்கி, நோயையே மறைத்துவிடும்.

கண்ணோடு சேர்த்து வெளிறின முகம், விடாத காய்ச்சல், கால் வலி, கழுத்தில் நெறிக்கட்டி என்று ஏதாவது இருந்தால் சிபிசி எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது வேறு சந்தேகம், ரெட்டினோபிளாஸ்டோமா என்கிற விழித்திரைப் புற்றுநோய். அதற்கும் உடனே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மகளுக்குச் சிகிச்சை இரண்டரை வருடம் நடந்தது. விழித்திரையில் இருந்த ரத்தம் முதல் சில மாதங்களிலேயே கரைந்துவிட்டது. கண்ணாடி இன்னும் போடவில்லை.