சொதியும் மிளகாய்ப் பொடியும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போகும் என் தங்கை மகளைப் பற்றி எழுதுகிறேன். ஓராண்டாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது எலும்பும் தோலுமாக இருக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளே தேங்காய் துருவி, மூன்று பால் எடுத்து, சொதி வைத்து எல்லாருக்கும் பரிமாறுகிறாள். ஒரு வாய் சாப்பிடச் சொன்னால், மெழுகைத் தின்பதுபோல் இருக்கிறது என்கிறாள். தனக்கென்று எடுத்துக்கொள்ளும் வெள்ளரிக்காய்த் துண்டுகளில் மட்டும் மிளகாய்ப் பொடியை அள்ளிக் கொட்டுகிறாள். எங்கள் ஆச்சி இதைக் கொழுப்பு என்கிறார்கள். அவள் நாக்குக்கு மெய்யாகவே வேறு மாதிரித் தெரிகிறதா, சாக்குச் சொல்கிறாளா? தேங்காய்ப்பாலைக் குறைத்து வைத்தால் சாப்பிடுவாளா?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவள் சாக்குச் சொல்லவில்லை என்று முதலில் ஆச்சியிடம் சொல்லுங்கள். நான் மருத்துவன் அல்லன். ஒரு கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட எனக்கு உரிமையில்லை. ஆயினும் அனோரெக்சியா எனப்படும் உணவு மறுப்பு நோயைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருப்பவற்றோடு நீங்கள் சொன்ன மூன்றும் பெரிதும் பொருந்துகின்றன.

பாலேட்டையும் சர்க்கரையையும் பல விகிதங்களில் கலந்து கொடுத்துச் செய்த சோதனைகளில், இந்நோயாளிகள் இனிப்பை வெறுக்கவில்லை. கொழுப்பு மிகுந்தவற்றையே ஒதுக்கினார்கள். எடை கூடிய பிறகும் அந்த ஒதுக்கம் எளிதில் மாறவில்லை. கொழுப்பை நாம் பெரும்பாலும் வாயில் படரும் வழவழப்பாலும் மணத்தாலுமே அறிகிறோம். மறுவீட்டு விருந்தில் நாம் சப்புக்கொட்டும் முதற்பாலின் அதே வழவழப்புதான் அவளுக்கு மெழுகாகிறது.

மிளகாய்ப் பொடிக்குக் காரணம் வேறு. அறுசுவையில் கார்ப்பைச் சேர்த்து எண்ணுகிறோமே தவிர, காரம் சுவை மொட்டுகளின் வழியே வருவதில்லை. சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளே அதை மூளைக்குக் கொண்டுபோகின்றன. நெடுநாள் பட்டினியில், குறிப்பாகத் துத்தநாகச் சத்துக் குறையும்போது, சுவையுணர்வு மங்கலாம். காரம் அப்போதும் உறைக்கும். 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்னும் அறிவியலாளர், உடல்நலமுள்ள 36 இளைஞர்களை அவர்கள் இசைவோடு 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். அவர்கள் உப்பையும் மசாலாவையும் அளவில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள், தட்டை நக்கினார்கள், சமையற்குறிப்பு நூல்களை விழுந்து விழுந்து படித்தார்கள். உடலைப் பற்றிய கவலை எதுவும் இல்லாமல் பட்டினியில் இறங்கியவர்களையே பட்டினி அப்படி ஆக்கியது என்றால், உங்கள் பெண் ஞாயிறுதோறும் அடுப்படியில் நிற்பதைப் பாசாங்கு என்று எப்படிச் சொல்வது?

இவற்றைவிட முக்கியமானது மூளை. சுவையை முதலில் வாங்கிக்கொள்ளும் இன்சுலா என்ற பகுதியும், இன்பத்தை எதிர்பார்த்து அளக்கும், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளால் இயங்கும் நரம்புச் சுற்றுகளும் இந்நோயில் வேறுவிதமாக இயங்குவதை மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. எதிர்பாராமல் ஒரு சொட்டுச் சர்க்கரைக் கரைசல் நாவில் பட்டால், அனோரெக்சியா உள்ளவர்களின் மூளை மற்றவர்களைவிட மிகுதியாக அதிர்கிறது. நமக்கு வாயூறச் செய்யும் அந்தக் கிளர்ச்சி அவர்களுக்குப் பதற்றமாக அனுபவமாகலாம் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது. போதாக்குறைக்கு இரைப்பையும் மெதுவாகவே காலியாவதால், நாலு கவளத்தில் வயிறு நிரம்பிவிட்டது என்று அவள் சொன்னால் அதுவும் உண்மையே.

அளவின்றி உண்டுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியா நோயின் கதை வேறு. இரைப்பை அமிலம் மேலண்ணத்திலுள்ள சுவை மொட்டுகளையும் மேல்வரிசை முன்பற்களின் உட்புறத்தையும் தாக்குகிறது. உங்கள் வீட்டில் அதற்கான அடையாளம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தேங்காய்ப்பாலைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைக்க வேண்டாம். அச்சத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால், நாளை இரண்டாம் பாலும் ஆகாது, மறுநாள் சோறும் ஆகாது என்றாகிவிடும். அதற்காக அவளறியாமல் நெய்யைக் கலந்துவிடவும் கூடாது. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். வற்புறுத்தித் திடீரென்று நிறைய ஊட்டுவது உயிருக்கே ஆபத்து: நெடுநாள் பட்டினிக்குப் பின் உணவு சட்டென்று பெருகினால் இரத்தத்தில் பாஸ்பேட் என்னும் தாது உப்பு சரிந்து இதயம் தடுமாறும். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை மருத்துவரும் உணவியல் வல்லுநரும்தான் வகுக்க வேண்டும். உங்கள் ஊர் ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவித் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மயக்கம், மாதவிலக்கு நின்றுபோதல், கைகால் சில்லிட்டுப்போதல் இவற்றில் எது இருந்தாலும் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைச் சொதியை நீங்களோ உங்கள் தங்கையோ வையுங்கள். அவளை அடுப்படிக்கு அனுப்பாமல் உங்களோடு பந்தியில் உட்காரச் சொல்லுங்கள். அவள் இலையைப் பற்றி மட்டும் யாரும் பேச வேண்டாம்.